டிகேடர் ஊரில் பன்னிருவர் கண்ட சங்கம்

(போரிலிருந்து மீண்ட வீரர்களின் முதற் கிளைச் சங்கத்தைப் பற்றிய பிரசங்கம்)



போர்முனையிலிருந்து ஊர் திரும்பிய வீரர்கள் தமக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொள்வதைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். இவ்விஷயத்தைப் பொதுவாகப் பேசினால், நீங்களும் பொதுவாகக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் வழியிலேயே மறந்துவிடுவீர்கள். ஆதலின் ஒரே ஓர் ஊரை எடுத்துக்கொண்டு, அவ்வூரில் நடந்ததைச் சொல்ல விரும்புகிறேன். அவ்வூர் நமக்கு வெகு தூரத்திலுள்ளது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில், இல்லினாய் மாகாணத்தில், மேக்கன் ஜில்லாவின் தலைமையிடமாகிய டிகேடர் என்பது அதன் பெயர். 1866ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 6ஆந் தேதி அங்கே பன்னிரண்டு பேர் கூடி ஒரு சங்கத்தைத் தோற்றுவித்தனர். அதுவே, 'குடியரசின் மகாசேனை' என்று பொருள்படும் 'கிராண்ட் ஆர்மி ஆப் தி ரிபப்ளிக்' என்னும் ஸ்தாபனத்தின் முதலாவது கிளையாகும். இருபத்துநான்கு வருஷங்களில் அந்த ஸ்தாபனம் நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட அங்கத்தினரை உடையதாயிற்று. இடையில் ஒரு காலத்தில் அது பெயரளவில்கூட நிலைக்குமா என்று ஐயுறும்படி மெலிந்தும் போயிற்று. எதனால் மெலிந்தது, எதனால் மீண்டது என்பதே நாம் கவனிக்கத்தக்க செய்தி.

முதலில் ஊரைச் சொல்லுகிறேன். டிகேடர் பெரிய பட்டணமன்று. ஸாங்கமான் என்னும் ஆற்றங்கரையில், கரிசலைப் போன்ற கறுத்த மண்ணும் பரந்த புல்வெளியும் உடைய பிரதேசத்தில் அமைந்தது. சுற்றிலும் மக்காச்சோளம் விளையும் நிலங்கள். 1854ஆம் வருஷத்தில் இரண்டு ரயில்பாதைகள் அங்கே வந்து குறுக்கிட்டன. அதன்பின் ஊர் வளர்ந்தது. ஆபிரகாம் லிங்கன் தமது இருபத்தோராம் வயதில், 1830இல், தகப்பனாருடன் மாட்டு வண்டியில் வந்து குடியேறிக் காடு திருத்தி வேலி அடைத்தது இந்த ஜில்லாவில்தான். முப்பது வருஷங்களுக்குப் பின், 1860ஆம் வருஷம் மே மாதத்தில், அவரைத் தேசாதிபதி பதவிக்கு நிறுத்தவேண்டுமென்று அவரது மாகாணக் கட்சியார் தீர்மானித்ததும் இவ்வூரில்தான். அன்று வேலிக்கட்டைகளைத் தூக்கிவரச் செய்து, 'இவை லிங்கன் தம் கையால் பிளந்தவை' என்று கூட்டத்திற்குக் காட்டி ஆரவாரம் எழச் செய்தவர், ரிச்சர்டு ஓகில்ஸ்பி என்னும் டிகேடர் வக்கீல். இவருடைய பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வருவார்.

அடிமை வியாபாரத்தையும் அடிமை வாழ்வையும் விடமாட்டோம் என்று தென்மாகாணங்கள் பிரிந்துபோனதால் 1861ஆம் வருஷம் ஏப்ரலில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. இல்லினாய் மாகாணம் மாத்திரம் ஏறக்குறைய 2,59,000 பேரைச் சேனைக்கு அனுப்பிற்று. அவர்களில் சுமார் 35,000 பேர் திரும்பவில்லை. டிகேடரிலேயே 41ஆவது இல்லினாய் காலாட்படை 1861 ஆகஸ்டு மாதத்தில் திரட்டப்பட்டது. அதற்குக் கர்னலாக இருந்தவர் ஐசக் பியூ. அவர் 1805இல் பிறந்தவர். 1832ஆம் வருஷத்துப் பிளாக் ஹாக் சண்டையையும், பிறகு மெக்ஸிகோ சண்டையையும் கண்டவர். பேரக் குழந்தைகளைக் கொஞ்சவேண்டிய வயதில் மூன்றாவது முறையாகப் போருக்குப் போனார்.

1863ஆம் வருஷம் ஜூலை 12ஆந் தேதி மிஸிஸிப்பி மாகாணத்து ஜாக்ஸன் நகரின் வெளியே, பியூவின் கீழிருந்த படையணி மண்கோட்டைகளை நோக்கி நேரே பாயும்படி கட்டளை பெற்றது. சொற்ப நேரத்துக்குள் அந்த அணியில் ஏறத்தாழப் பாதிப்பேர் மாண்டோ காயமுற்றோ பிடிபட்டோ போயினர். கட்டளையிட்ட சேனாதிபதி அன்றே பதவியிலிருந்து விலக்கப்பட்டார். ஆயினும் விழுந்தவர்கள் எழுந்து வரவில்லை. ஒரே ஊரில், ஒரே ஜில்லாவில் திரட்டிய படை இப்படி ஒரு காலைப்பொழுதில் அழிந்தால் அவ்வூர் எத்தனை வீடுகளில் இருள் சூழ்ந்திருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக் கொள்ளலாம். அதே ஊரிலிருந்து 1862இல் 116ஆவது படையும் திரட்டப்பட்டிருந்தது.

1865இல் யுத்தம் ஓய்ந்தது. மே மாதத்தில் பத்து லட்சம் பேராக இருந்த சேனையில் எட்டு லட்சம் பேர் நவம்பருக்குள் கலைக்கப்பட்டனர். உலகத்தில் அதற்குமுன் இவ்வளவு பெரிய சேனை இவ்வளவு விரைவாகக் கலைந்ததில்லை என்று அமெரிக்கர் பெருமை கொண்டனர். பெருமைக்குரியதுதான், ஆனால் கலைந்தவர்கள் எங்கே போவார்கள்? நிலமுள்ளவன் நிலத்துக்குப் போனான். கடையில் வேலை செய்தவன் போனபோது அவ்விடத்தில் வேறொருவன் இருந்தான். கை இழந்தவனும், சீதபேதியும் குளிர்காய்ச்சலும் உடம்பில் குடிகொண்டவனும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார்கள். அந்த யுத்தத்தில் வடதிசைச் சேனையில் இறந்த ஏறக்குறைய 3,60,000 பேரில், குண்டுபட்டு இறந்தவர்களைவிட நோயால் இறந்தவர்களே மிகுதி. நோயுற்றும் பிழைத்து வந்தவர்கள் அதனினும் மிகப் பலர். காயத்தைக் கண்டால் ஊரார் மதிப்பார்கள். வயிற்று நோயை யார் மதிப்பார்?

இதை நன்கறிந்தவர் ஒரு வைத்தியர். பெஞ்சமின் பிராங்க்ளின் ஸ்டீபன்சன் என்பது அவர் பெயர். 14ஆவது இல்லினாய் காலாட்படையின் ஸர்ஜன். 1864ஆம் வருஷம் பிப்ரவரியில், ஷெர்மன் சேனாதிபதி மெரிடியன் என்னும் ஊரை நோக்கிப் படை நடத்திச் சென்றபோது, ஸ்டீபன்சனும் அப்படையின் பாதிரியாராகிய வில்லியம் ரட்லெட்ஜும் ஒரே கூடாரத்தில் தங்கினர். இத்தனை கஷ்டத்தை ஒன்றாக அனுபவித்தவர்கள் யுத்தம் முடிந்தபின் ஒருவரையொருவர் விட்டுப் பிரிந்து போகாமலிருக்க ஏதாவது வழி வேண்டுமென்று அவர்கள் பேசிக்கொண்டனர். யுத்தத்திற்குப்பின் ஸ்டீபன்சன் மாகாணத் தலைநகரமாகிய ஸ்பிரிங்பீல்டில் வைத்தியத் தொழில் நடத்திக்கொண்டே, சங்கத்துக்குரிய விதிகளையும் சேர்க்கைச் சடங்குகளையும் நண்பர்களுடன் சேர்ந்து எழுதி முடித்தார். 1866 தொடக்கத்தில் எல்லாம் தயாராயிற்று. ஆனால் தலைநகரத்தார் கிளை அமைப்பதில் வேகங்காட்டவில்லை. சுமார் நாற்பது மைல் கிழக்கே இருந்த டிகேடர் முந்திக்கொண்டது.

அது முந்தியதற்குக் காரணம் ஓர் அச்சுக்கூடம். சடங்குப் புத்தகம் இரகசியமாக அச்சாக வேண்டும். அச்சுக் கோப்பவன் படித்துவிடுவானே! என்ன செய்வது? டிகேடரில் ஒரு பத்திரிகை அச்சுக்கூடம் இருந்தது. அதை நடத்திய கோல்ட்ரின், பிரையர் என்ற இருவரும், அங்கே வேலை செய்தவர்களும் சேனையிலிருந்தவர்கள். அவர்களிடம் முதலில் பிரமாணம் வாங்கிக்கொண்டு வேலையைக் கொடுத்துவிடலாமென்று யோசனை எழுந்தது. அச்சு வேலையை மேற்பார்க்கக் காப்டன் பெல்ப்ஸ் என்பவர் டிகேடருக்கு வந்தார். வந்த இடத்தில் பழைய தோழர்கள் பலரைக் கண்டார். அவர்களிடையே ஸ்டீபன்சனை நன்கறிந்த டாக்டர் ரௌத் இருந்தார். 41ஆவது படையில் காப்டனாக இருந்த மைக்கேல் கேனன் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் இவ்விருவரும் ஊரில் கையெழுத்துச் சேர்த்துக்கொண்டு, தாமே ஸ்பிரிங்பீல்டுக்குப் போய் ஸ்டீபன்சனிடம் விண்ணப்பத்தை நீட்டினர். அதன் பின்னரே ஸ்டீபன்சன் பெல்ப்ஸுடன் டிகேடர் வந்து கிளையை அமைத்தார்.

இதை நான் விரிவாகச் சொல்வதற்கு ஒரு காரணமுண்டு. தலைநகரத்தில் திட்டம் இருந்தது, காகிதம் இருந்தது, கனவான்கள் இருந்தனர். ஆயினும் சங்கம் பிறந்தது, கம்போஸிட்டர் மேஜையடியில் நின்று பேசிய நாலைந்து பேரால். போகச் சொல்லி எவரும் அவர்களை ஏவவில்லை. நமது ஜில்லாக்களில் எத்தனையோ சங்கங்கள் மேலிடத்து உத்தரவு வந்தபின் பிறந்து, மேலிடத்து உத்தியோகஸ்தர் மாற்றலாகிப் போனவுடன் இறந்ததை நாம் பார்த்திருக்கிறோம்.

முதற் கிளையின் சாசனத்தில் பன்னிரண்டு பெயர்கள் உள்ளன. வைத்தியர், அச்சுக்கூடத்தார், பெரிய பதவி வகித்தவர், சிறிய பதவி வகித்தவர் எனப் பலதரப்பட்டவர் அதில் உண்டு. பியூ முதல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிற்காலத்தில் கேனன் அவ்வூர் நகரசபைத் தலைவராகவும் இருந்தார். கிளைக்கு 'போஸ்ட்' என்று பெயர். சேனையில் காவல் தாணாவைக் குறிக்கும் சொல் அது. தலைவர், உபதலைவர் இருவர், காரியதரிசியாகிய அட்ஜுடண்டு, பொக்கிஷம் காக்கும் குவார்ட்டர்மாஸ்டர், வைத்தியர், பாதிரியார் ஆகிய உத்தியோகங்களும் சேனையை ஒத்தே அமைந்தன. இல்லினாயில் தோன்றிய கிளைகள் சேர்ந்தது மாகாணச் சபை. மாகாணங்கள் சேர்ந்தது தேசச் சபை.

உள்ளே நுழைவதற்குரிய சீட்டு ஒன்றே: வடதிசைச் சேனையிலோ கடற்படையிலோ இருந்து கண்ணியமாக விடுதலை பெற்றதைக் காட்டும் பத்திரம். அதை உடையவன் ஜெனரலானாலும் சரி, சமையற்காரனானாலும் சரி, உள்ளே வந்துவிட்டால் 'தோழரே' என்ற விளிதான். 1865ஆம் வருஷத்திலேயே பிலடெல்பியாவில் ஒரு வீரர் சங்கம் ஏற்பட்டிருந்தது. ஆனால் அது ஆபீஸர்களுக்கென்று அமைந்தது. டிகேடரில் பிறந்ததோ எல்லோருக்கும் உரியது. இருந்தாலும் முதல் தலைவர் பதவிக்கு ஒரு கர்னலைத்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழக்கம் லேசில் விடாது.

சேர்க்கைச் சடங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதிதாக வருபவனின் கண்களைக் கட்டி, பழைய சேனைக் கம்பளி ஒன்றைப் போர்த்தி, ஒரு சவப்பெட்டியின் முன்னே மண்டியிடச் செய்வார்கள். கட்டை அவிழ்த்ததும், பெட்டிமேல் திறந்த வேதபுத்தகத்தையும் குறுக்கிட்ட வாள்களையும் காண்பான். ஆண்டர்ஸன்வில் சிறைக்கூடத்தில் மாண்ட ஒரு வீரனின் பெயர் அப்பெட்டியில் எழுதியிருக்கும். அந்தச் சிறையில் ஏறக்குறைய 13,000 பேர் பட்டினியாலும் நோயாலும் இறந்தனர். இத்தகைய வேஷம் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. உங்களில் சிலருக்குப் பிடிக்கக்கூடும். அன்று அந்த நாட்டில் இரகசியச் சடங்குள்ள சங்கங்களுக்கு மோகம் அதிகம். ஆயினும் அச்சடங்கில் இறந்தவனுடைய பெயர் இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

இனி, சங்கடமான பாகத்துக்கு வருகிறேன். இந்தச் சங்கம் உண்மையில் எதற்காகத் தோன்றியது? தோழமைக்காகவும் தருமத்துக்காகவும் என்று அதன் பழைய சரித்திரங்கள் கூறும். பின்வந்த சரித்திர ஆசிரியர் சிலர், அது அரசியற் சூழ்ச்சியின் விளைவு என்பர். நான் முன்பு சொன்ன ஓகில்ஸ்பி 1866இல் இல்லினாய் மாகாணக் கவர்னர். டிகேடர் அவருடைய சொந்த ஊர். லிங்கன் கொலையுண்டபின் தேசாதிபதியான ஜான்ஸனுக்கும் லிங்கன் கட்சியாருக்கும் பெரும் பகை மூண்டிருந்த வருஷம் அது, இலையுதிர்காலத்தில் தேர்தல். அத்தேர்தலில் சிப்பாய்களின் வாக்கை ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கிப்போவதற்கு ஒரு கயிறு தேவைப்பட்டது என்பது அவர்கள் வாதம். இரண்டும் மெய்யென்றே எனக்குத் தோன்றுகிறது. விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு ரயிலேறிய கேனனும் ரௌத்தும் தோழமையை நாடியே போயிருக்கலாம். அவர்களை ஆசீர்வதித்த பெரியவர்கள் வாக்குப்பெட்டியைப் பார்த்துக்கொண்டே ஆசீர்வதித்திருக்கலாம். ஒரே சங்கத்தில் இவ்விரண்டு எண்ணங்களும் பல நாள் ஒன்றாகக் குடியிருப்பது அபூர்வமன்று.

பின் நடந்ததைப் பாருங்கள். 1866 ஜூலை 12ஆந் தேதி ஸ்பிரிங்பீல்டில் மாகாண மகாசபை கூடியது. தாமே உண்டாக்கிய சங்கத்துக்குத் தாமே தலைவராவோமென்று ஸ்டீபன்சன் எண்ணியிருந்தார். சபையோ ஜெனரல் ஜான் பாமரைத் தேர்ந்தெடுத்தது. நவம்பர் 20ஆந் தேதி இண்டியானாபோலிஸ் நகரில் முதல் தேச மகாசபை கூடியது. அங்கே ஜெனரல் ஹர்ல்பட் தலைவரானார். ஸ்டீபன்சனுக்குக் காரியதரிசி ஸ்தானம் கொடுத்தார்கள். 1868 ஜனவரியில் ஜெனரல் ஜான் லோகன் தேசத் தலைவரானபோது அந்த ஸ்தானமும் வேறொருவருக்குப் போயிற்று. பாமர், ஹர்ல்பட், லோகன் மூவரும் இல்லினாய்க்காரர். மூவரும் அரசியலில் முன்னணியில் நின்றவர்கள். 1868இல் கிராண்டு சேனாதிபதி தேசாதிபதி பதவிக்கு நின்றபோது கிளைகள் பல இடங்களில் தேர்தல் முகாம்களைப்போலவே நடந்துகொண்டன.

தேர்தல் முடிந்தது. முகாமுக்கு வேலையில்லை. எதிர்க்கட்சியைச் சேர்ந்த வீரர்கள் முன்னமே வெளியேறியிருந்தனர். எஞ்சியவர்களுக்கும் வாராவாரம் கூடிப் பேச ஒன்றுமில்லாமற் போயிற்று. அந்த நிலையில் 1869ஆம் வருஷம் ஸின்ஸினாட்டியில் கூடிய மகாசபை ஒரு விபரீதமான சீர்திருத்தத்தைச் செய்தது. அங்கத்தினரை மூன்று படிகளாகப் பிரித்து, கீழ்ப்படியிலிருந்து மேற்படிக்கு முறையே ஏறவேண்டுமென்று விதித்தது. கீழ்ப்படியில் உள்ளவனுக்கு வாக்கும் பதவியும் இல்லை! 'தோழரே' என்று ஒரே பெயரால் அழைத்த வீட்டில் படி கட்டினால் யார் இருப்பார்கள்? பலர் மறுபடி பெயர் பதிந்துகொள்ளவே இல்லை. மேற்றிசை மாகாணங்களில் கிளைகள் கூட்டங் கூட்டமாக மறைந்தன. 1871இல் பாஸ்டன் மகாசபை அப்படிகளை இடித்தெறிந்தது. அதற்குள் நஷ்டம் நேர்ந்துவிட்டது. அந்த ஸின்ஸினாட்டி மகாசபையே, சங்கத்தை எந்தக் கட்சிக்கும் கருவியாக்கக் கூடாதென்று நல்ல விதியொன்றையும் செய்ததென்பதை நியாயத்துக்காகச் சொல்ல வேண்டும். 1876ஆம் வருஷக் கணக்கில் தேசமெங்கும் இருந்த அங்கத்தினர் 27,000க்கும் குறைவு.

ஸ்டீபன்சன் இந்தத் தாழ்நிலையைக் கண்டுகொண்டே இறந்தார். சங்க வேலையில் முழுகித் தம் வைத்தியத் தொழிலைக் கைவிட்டிருந்தார். வறுமையுற்று, உடல் நலிந்து, 1871ஆம் வருஷம் ஆகஸ்டு 30ஆந் தேதி இல்லினாயில் ராக் கிரீக் என்னும் சிற்றூரில் காலமானார். விதவைகளையும் அனாதைகளையும் ஆதரிப்பதற்கென்று சங்கம் உண்டாக்கியவருடைய குடும்பத்தை ஆதரிக்க அப்போது அச்சங்கத்தினிடம் பலமில்லை.

பின் எவ்வாறு மீண்டது? மூன்று விஷயங்களைச் சொல்லலாம். ஆயினும் மூன்றும் சம எடையுள்ளவையல்ல.

ஒன்று, இறந்தவர்களின் நினைவு. 1868ஆம் வருஷம் மே 5ஆந் தேதி லோகன், தேசமெங்கும் மே 30ஆந் தேதியன்று வீரர்களின் கல்லறைகளில் மலர் தூவும்படி உத்தரவு பிறப்பித்தார். இப்படி மலரிடும் வழக்கம் சில ஊர்களில், தென்திசையில் உட்பட, அதற்கு முன்பே இருந்தது. கிளை நன்றாக நடந்தாலும் நலிந்தாலும், மே மாதக் கடைசியில் எஞ்சிய நாலு பேராவது இடுகாட்டுக்குப் போனார்கள். வருஷத்தில் ஒரு நாளாவது ஊர் அவர்களைப் பார்த்தது. இதைப் பெரிதாக விரிக்க வேண்டியதில்லை.

இரண்டு, நிவாரணப் பெட்டி. கிளைதோறும் சந்தாவின்றித் தனியே ஒரு தரும நிதி இருந்தது. தோழன் நோயுற்றால், விறகில்லாமல் விதவை குளிர்காலத்தில் தவித்தால், வழிப்போக்கனாக வந்த வீரன் இறந்தால், அதிலிருந்து செலவழிக்கப்பட்டது. 1873இல் நேர்ந்த பெரும் பண நெருக்கடிக்குப்பின், வேலையிழந்தோர் தெருவில் அலைந்த காலத்தில், தரும நிதி கைவசம் இருந்த கிளைகளுக்கு உயிர் இருந்தது. 1883இல் டென்வர் நகரில் வீரர்களின் மனைவிமாரும் பிற பெண்டிரும் சேர்ந்து 'உமன்ஸ் ரிலீப் கோர்' என்னும் துணைச் சங்கத்தை அமைத்தனர். அதன்பின் இந்தத் தரும வேலையில் பெரும்பகுதி அவர்கள் கைக்குப் போயிற்று. விருந்து நடத்திப் பணம் திரட்டுவதும், திரட்டியதற்குக் கணக்கு வைப்பதும் ஆண்களைவிட அவர்களுக்கு நன்றாக வந்தன. அநாதைச் சிறுவருக்கு இல்லினாய் மாகாணம் நார்மல் என்னும் ஊரில் ஒரு விடுதியை 1869இல் திறந்தது. முதிய வீரர்களுக்கு க்வின்ஸி நகரில் ஏற்படுத்திய இல்லம் 1887இல் திறக்கப்பட்டது. இவ்வித ஸ்தாபனங்களுக்கு எந்த வீட்டுப் பிள்ளையை, எந்த முதியவரை அனுப்புவது என்பதை ஊரறிந்தவர்களைவிட யார் அறிவார்?

மூன்றாவது, உபகாரச் சம்பளம். எல்லாவற்றிலும் கனமானது இதுவே. 1862ஆம் வருஷச் சட்டப்படி, யுத்த சேவையில் அங்கவீனமுற்ற சாதாரணச் சிப்பாய்க்கு மாதம் அதிகபட்சம் 8 டாலர் கிடைக்கும். ஆனால் ஊனம் சேவையில்தான் நேர்ந்ததென்று அவன் ருசுப்படுத்த வேண்டும். ஆஸ்பத்திரிக் குறிப்பு இல்லையானால், ஆபீஸர் ஒருவரோ உடனிருந்த தோழர் இருவரோ சத்தியம் செய்து எழுதித்தர வேண்டும். அந்த ஆபீஸர் ஜாக்ஸன் வெளியில் மாண்டிருப்பார். தோழர்கள் கன்ஸாஸுக்கோ நெப்ராஸ்காவுக்கோ நிலம் தேடிப் போயிருப்பார்கள். தாலுகா கச்சேரிக்கு ஒரு சாட்சியை அழைத்துப்போகப் பாடுபட்டவர்களுக்கு இதன் கஷ்டம் விளங்கும். கிளைச் சங்கத்தின் அறையோ சாட்சி கிடைக்கும் இடமாக இருந்தது. 'நீ எந்தப் படை? எந்தக் கம்பெனி? ஷைலோவில் இருந்தாயா?' என்று கேட்கும் அறை அது. அட்ஜுடண்டு வைத்திருந்த அங்கத்தினர் பதிவேட்டில் படை, கம்பெனி, சேர்ந்த நாள், விலகிய நாள் எல்லாம் எழுதியிருந்தன. ஒழுங்காக எழுதி வைத்த ஒரு நோட்டுப் புத்தகம் எத்தனை குடும்பங்களுக்கு அடுப்பெரியச் செய்தது என்பதை எண்ணிப் பாருங்கள். சங்கக் காரியதரிசிகளாக இங்கே வந்திருப்பவர்களுக்கு நான் சொல்ல விரும்பும் நடைமுறை யோசனை இது ஒன்றுதான்: சேனையிலிருந்து மீண்ட ஒவ்வொருவரிடமும், அவர் சொல்லும் நிலையில் இருக்கும்போதே, இவ்விவரங்களைக் கேட்டு எழுதி வையுங்கள், விடுதலைப் பத்திரத்துக்கு நகல் எடுத்து வையுங்கள். கரையான் அரித்தபின் தேடிப் பயனில்லை.

1879ஆம் வருஷத்துச் சட்டம், சேவையிலிருந்து விலகிய நாள் முதல் கணக்கிட்டு நிலுவைச் சம்பளத்தை மொத்தமாகக் கொடுக்க இடமளித்தது. உடனே மனுக்கள் குவிந்தன. சங்கத்தில் சேருவோரும் பெருகினர். தனித்தனி மனுவுக்குச் சாட்சி தேடிய சங்கம், இனிச் சட்டத்தையே மாற்றச் சொல்லி வாஷிங்டனில் வாதாடத் தொடங்கிற்று. 1887இல் தேசாதிபதி கிளீவ்லண்டு ஒரு சம்பள மசோதாவை நிராகரித்தபோது பெரும் கூச்சல் எழுந்தது. 1890ஆம் வருஷத்துச் சட்டம், 90 நாள் சேவை செய்து, எக்காரணத்தாலாயினும் உடலுழைப்புக்குச் சக்தியற்றுப் போன எவருக்கும் மாதம் 6 முதல் 12 டாலர் வரை அளித்தது. அவ்வருஷமே அங்கத்தினர் தொகை உச்சத்துக்கு ஏறி 4,09,489 ஆயிற்று. கிளைகள் 7,000க்கு மேல்.

இதில் நிழலும் உண்டு. சில வருஷங்களில் மத்திய அரசாங்கச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உபகாரச் சம்பளத்துக்கே போயிற்று. மனு எழுதித்தரும் ஏஜெண்டுகள் கொழுத்தனர். பொய் மனுக்களும் இருந்தன. கட்சிகள் மறுபடியும் வீரர்களின் வாக்கைத் தேடி வந்தன; இம்முறை கையில் காசுடன் வந்தன. தென்திசைச் சேனையில் காலிழந்தவனுக்கு மத்திய அரசாங்கத்தின் காசு ஒன்றும் கிடையாது. அவன் செலுத்திய வரியிலிருந்தும் இந்தச் சம்பளம் போயிற்று. இவையெல்லாம் மெய். ஆயினும் வயிற்று நோயுடன் இருபத்தைந்து வருஷம் திண்ணையில் உட்கார்ந்திருந்தவனுக்கு 12 டாலர் வந்ததும் மெய். இரண்டையும் ஒரு தராசில் வைத்தால் என் மனம் பின்னதன் பக்கமே சாய்கிறது.

நிறத்தைப் பற்றியும் சொல்லாமல் விடலாகாது. அந்த யுத்தத்தில் ஏறக்குறைய 1,80,000 கறுப்பின வீரர்கள் வடதிசைச் சேனையில் போராடினர். சங்க விதியில் நிறத்தைப் பற்றிய தடை ஏதுமில்லை. ஆனால் புதியவரைச் சேர்க்கும்போது வெள்ளைக் குண்டு, கறுப்புக் குண்டு போட்டு இரகசியமாக வாக்களிக்கும் முறை இருந்தது. விதி திறந்த கதவைக் குண்டு மூடிவிடும். பல ஊர்களில் கறுப்பர் தமக்கெனத் தனிக் கிளைகள் அமைத்துக்கொண்டனர். சில ஊர்களில் இரு நிறத்தாரும் ஒரே அறையில் அமர்ந்தனர். லூயிஸியானா, மிஸிஸிப்பி பிரதேசத்து வெள்ளை அங்கத்தினர், கறுப்பர்களுக்குத் தனி மாகாணச் சபை வேண்டுமென்று கேட்டபோது, 1891இல் டிட்ராய்ட் மகாசபை அதற்கு இணங்கவில்லை. ஒன்றாகக் குண்டடிபட்டவர்களைத் தனித்தனியாக உட்காரவைக்க முடியாதென்பது அங்கே வென்ற வாதம். தீர்மானம் நிறைவேறியதால் எல்லா ஊரிலும் வழக்கம் மாறிவிடவில்லை. ஊர்ச் சாவடியில் யார் உட்காரலாம், யார் நிற்கவேண்டும் என்ற பேச்சு இன்னும் ஓயாத நம்மவருக்கு இது அந்நியமான கதையன்று.

ஸ்டீபன்சனைச் சங்கம் பிறகு நினைத்துக்கொண்டது. அவர் இறந்து பதினொரு வருஷத்துக்குப்பின், 1882இல், உள்ளூர்க் கிளையினர் அவரது எலும்புகளை எடுத்துச்சென்று பீட்டர்ஸ்பர்க் என்னும் ஊரில், சிப்பாய்கள் அடங்கிய பகுதியில் மரியாதையுடன் அடக்கம் செய்தனர். 1909இல் வாஷிங்டன் மாநகரில் அவருக்கு உயர்ந்த கல்தூண் ஒன்று எழுந்தது. தோழமை, தருமம், விசுவாசம் என்னும் மூன்று சொற்களின் பொருளை அதில் உருவங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள்.

1861க்கும் 1865க்கும் இடையே சேவை செய்தவர் தவிர வேறெவரும் அங்கத்தினராக முடியாதென்பது சங்கத்தின் விதி. பிள்ளைகள் தனியே ஒரு சங்கம் வைத்துக்கொண்டனர். தகப்பன்மாரின் சங்கத்தில் அவர்களுக்கு இடமில்லை. ஆகவே ஆளெடுப்பு நின்றது. ஆண்டுதோறும் கிளைகள் ஒவ்வொன்றாகப் பதிவேட்டை மூடின. 1949ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், முதல் தேச மகாசபை கூடிய அதே இண்டியானாபோலிஸில் கடைசி மகாசபை கூடியது. உயிருடன் இருந்த அங்கத்தினர் 16 பேர். வர முடிந்தவர் 6 பேர். அனைவரும் நூறு வயதை ஒட்டியவர்கள். 1956 ஆகஸ்டு 2ஆந் தேதி, மினஸோட்டா மாகாணத்து டுலூத் நகரில், சிறுவயதில் படையில் முரசடித்த ஆல்பர்ட் வூல்ஸன் காலமானதும் சங்கம் முடிவுற்றது. அதன் தஸ்தாவேஜுகளைக் காங்கிரஸ் புத்தகசாலை பெற்றுக்கொண்டது.